ஜெர்மனிக்கு மகனை அனுப்பும் முன்: கோபி விவசாயத் தந்தைக்கு ஒரு பதில்

கோபிசெட்டிப்பாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகனுக்கு வயது 25. இயந்திரவியலில் பி.இ. முடித்து, 7.6 சிஜிபிஏ பெற்று, ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஜெர்மனியில் முதுகலை படிக்க விரும்புகிறார். கோவையிலுள்ள ஒரு கன்சல்டன்சி, பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றும், 6 லட்சம் ரூபாய் கையிலிருந்தால் போதும், மீதியைப் பகுதிநேர வேலையில் ஈட்டிக்கொள்ளலாம் என்றும் கூறி, ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறதாம். "வாய்க்கால் பாசனத்தில் இரண்டே கால் ஏக்கர்தான் எங்களுக்கு இருக்கிறது. அதை அடகு வைத்து அனுப்பலாமா? அவன் அங்கேயே நிலைத்துவிட்டால் இந்த நிலம் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

உங்கள் மகன் ஜெர்மனிக்குச் செல்வது நல்ல முடிவாக அமையக்கூடும். ஆனால் இந்த வழியில், இந்தக் கணக்கை நம்பிச் செல்வது சரியன்று. முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடகு வைக்கப்படப் போவது உங்கள் நிலம்.

ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கே பொருந்தும். அங்கே பொதுவாகச் செமஸ்டருக்குச் சில நூறு யூரோவுக்குள் அடங்கும் ஒரு பங்களிப்புத் தொகை மட்டுமே உண்டு. இதற்கும் விலக்குகள் இருக்கின்றன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் முதுகலைப் படிப்புகளுக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கதை முற்றிலும் வேறு. ஆண்டுக்கு 10,000 யூரோவையும் தாண்டும் கட்டணம் அவற்றில் புதிதல்ல.

கன்சல்டன்சிகள் ஏன் தனியார் பல்கலைக்கழகங்களையே முன்னிறுத்துகின்றன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடுவதற்காக யாருக்கும் தரகு கொடுப்பதில்லை. தனியார் நிறுவனங்களில் பல கொடுக்கின்றன. "இடம் உறுதி" என்று சொல்ல முடிகிற இடத்தில் போட்டி இல்லை என்றுதான் பொருள், போட்டி இல்லாத பட்டத்தை அங்குள்ள முதலாளிகளும் அதற்கேற்பவே மதிக்கிறார்கள். தனியார் நிறுவனங்கள் எல்லாமே மோசமானவை என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பல்கலைக்கழகம் அரசு அங்கீகாரம் பெற்றதா, அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் அதன் நிலை 'ஹெச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனம்) என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, வகுப்புகள் நேரில் நடக்கின்றனவா அல்லது பாதி இணையவழியிலா என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது. வகுப்புகளில் பெரும்பகுதி இணையவழியில் நடந்தால், அதற்காக நாட்டில் தங்க வேண்டிய தேவை இல்லை என்று குடியேற்ற அலுவலகம் மாணவ வதிவு உரிமையையே மறுக்கக்கூடும்.

உங்கள் மகனுடைய மதிப்பெண்ணைக் கொண்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பதே அடுத்த கேள்வி. ஜெர்மானிய மதிப்பெண் முறையில் எண் குறையக் குறையத் தகுதி கூடும்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை. பவேரிய சூத்திரம் என்ற கணக்கின்படி, உச்ச மதிப்பெண்ணுக்கும் பெற்ற மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியை, உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7.6 என்பது, தேர்ச்சி எல்லை 5 என்று கொண்டால், 2.44 ஆகிறது. பல துறைகள் 2.5க்குள் இருப்பதை எதிர்பார்ப்பதால், அவருக்கு வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவது மதிப்பெண் குறைவால் மட்டுமல்ல, பாடப் பொருத்தம் இல்லாததாலும்தான். வெப்ப இயக்கவியல், விசையியல், கணிதம் ஆகியவற்றை இளங்கலையில் எவ்வளவு படித்தார் என்பதைத் துறையினர் பாடத்திட்டத்தை வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். எனவே கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட முழுப் பாடத்திட்டத்தை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு ஏபிஎஸ் என்ற சான்றிதழைப் பெற்றாக வேண்டும். கல்விச் சான்றுகள் உண்மையானவைதாமா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இது. கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே இதைக் கேட்கின்றன. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கான கடைசி நாள் ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கான முதுகலைப் படிப்புகள் பலவற்றில் அது மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடும். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் பெறுகின்றன. அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இவை எல்லாவற்றையும் உங்கள் மகனே வீட்டிலிருந்து செய்துவிடலாம். ஒரு லட்சம் கொடுத்து இன்னொருவர் செய்ய வேண்டிய வேலை இதில் எதுவும் இல்லை.

இனி பணம். விசா கேட்பவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவைப் பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதமே அதை எடுக்க முடியும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே இது ஏறத்தாழ 12 லட்சம். விமானச் சீட்டு, ஏபிஎஸ், ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணங்கள், வீட்டு முன்பணம், குளிருடை ஆகியவற்றுக்கு இன்னும் மூன்று லட்சமாவது தேவைப்படும். ஆக, கல்விக் கட்டணமே இல்லாத இடத்துக்கும் 15 லட்சம் வேண்டியிருக்கும்போது, கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகத்துக்கு 6 லட்சம் எப்படிப் போதும்? சில இடைத்தரகர்கள் முடக்கக் கணக்குக்கான பணத்தைத் தாங்களே வட்டிக்குக் கொடுத்துவிட்டு, மாணவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதந்தோறும் வரும் 992 யூரோவைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்று விதிக்கப்பட்ட பணம் அது. அது போய்விட்டால், மொழி தெரியாத ஊரில் முதல் மாதமே பிள்ளை வேலை தேடி அலைய வேண்டியிருக்கும். உங்களிடம் சொல்லப்பட்ட 6 லட்சத்துக்குப் பின்னால் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

வங்கியின் கல்விக் கடன் இதைவிடப் பாதுகாப்பானது. 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும், ஆகவே நிலமோ வீடோ எப்படியும் பேச்சுக்கு வரும். விளைநிலத்தைப் பிணையமாக ஏற்க எல்லா வங்கிகளும் முன்வருவதில்லை என்பதால், உங்கள் கிளை மேலாளரிடம் அதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியிருக்காது, எனினும் வட்டி அதுவரை ஏறிக்கொண்டே இருக்கும். மகனின் ஓசூர்ச் சேமிப்பையும் சேர்த்து, கடனை இயன்ற அளவு குறைப்பதே என் ஆலோசனை. அதற்காக ஓராண்டு தள்ளிப் போனாலும் நட்டமில்லை.

பகுதிநேர வேலை உண்மையிலேயே உண்டு. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். மாணவப் பணியாளராகச் சேர்ந்தால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. ஆனால் அவருடைய துறை சார்ந்த நல்ல வேலை கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம், தேர்வுக் காலத்தில் அது கைகொடுக்காது. முதல் ஆண்டின் கணக்கில் இந்த வருமானத்தைச் சுழியம் என்றே எழுதுங்கள். வந்தால் இரண்டாம் ஆண்டுக்கு ஆகட்டும்.

கன்சல்டன்சிகள் சொல்லாமல் விடும் செய்திகளில் நான் மிகவும் கவலைப்படுவது மொழியைப் பற்றித்தான். ஆங்கிலத்திலேயே முதுகலை முடித்துவிடலாம், அதில் ஐயமில்லை. படிப்பு முடிந்தபின் இயந்திரத் துறையில் வேலை தேடும்போதுதான், நடுத்தர நிறுவனங்களின் பட்டறைகளிலும் கூட்டங்களிலும் ஜெர்மன் மட்டுமே பேசப்படுகிறது என்பது தெரியவரும். ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் ஜெர்மன் மொழிப் படிநிலைகளில் பி1 அளவாவது இல்லாதவர், நல்ல மதிப்பெண் இருந்தும் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். உங்கள் மகன் இந்த மாதமே ஏ1 வகுப்பில் சேரட்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் கோத்தே நிலையமான மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. வேலையை விட முடியாதெனில் இணைய வகுப்பில் சேரலாம். புறப்படும் முன் ஏ2 முடித்துவிட்டால், அங்கே போன பின் பி1 எட்டுவது இயல்பாக நடக்கும்.

ஊர்த் தேர்விலும் செலவு அடங்கியிருக்கிறது. மியூனிக்கில் தனியார் அறை 700 யூரோவுக்குக் கீழ் அரிது. கெம்னிட்ஸ், மக்டெபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் அதில் பாதிக்கே கிடைக்கலாம். அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் நல அமைப்பின் விடுதிக்குப் பதிந்துவிட வேண்டும். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பவே கூடாது; சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேற்படாது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையொப்பமிட்ட சான்று தேவை. மருத்துவக் காப்பீட்டில், 30 வயதுக்கு உட்பட்டவர் என்பதால், அரசு சார்ந்த திட்டத்திலேயே சேரட்டும். மலிவு என்று தனியார் காப்பீட்டைத் தேர்ந்தால், படிப்பு முடியும்வரை திரும்பி வர வழியில்லை.

விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் வழி 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். எனவே முதல் விண்ணப்பத்திலேயே, ஓசூர் வேலைக்கும் தேர்ந்த படிப்புக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக அவரே தம் சொற்களில் எழுத வேண்டும்.

நிலைத்துவிட முடியுமா என்று கேட்டீர்கள். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்க உரிமை உண்டு. தகுதிக்கேற்ற வேலையில் சேர்ந்து, ஓய்வூதிய நிதிக்கு 24 மாதப் பங்களிப்பும் பி1 மொழித் தேர்ச்சியும் இருந்தால், ஜெர்மனியில் பட்டம் பெற்றவர் இரண்டே ஆண்டுகளில் நிரந்தர வதிவு உரிமை கேட்கலாம். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஐந்து ஆண்டு வதிவுக்குப் பின் குடியுரிமை கேட்கவும் முடியும். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, ஆனால் இந்தியா ஏற்பதில்லை.

உங்கள் நிலத்தைப் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நிரந்தர வதிவு உரிமையோடு நின்று இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருக்கும்வரை அவர் இந்தியக் குடிமகனே, பரம்பரை உரிமையில் எந்த மாற்றமும் இல்லை. ஒருநாள் ஜெர்மானியக் குடியுரிமை பெற்று ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா வழங்கும்) அட்டைதாரர் ஆனாலும், உங்களுக்குப் பின் வாரிசாக அந்த இரண்டே கால் ஏக்கர் அவருக்கு வரலாம். பக்கத்து வயலை விலைக்கு வாங்கத்தான் முடியாது, ஏனெனில் ஓசிஐ அட்டைதாரர்கள் விளைநிலம் வாங்க அனுமதியில்லை. பட்டா, சிட்டா, வாரிசு விவரம் ஆகியவற்றை இப்போதே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போகும்போதும் முதலில் கேட்கப்படுவது அவைதாம்.