பட்டியலும் படப்பெட்டியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் சினிமாக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அளவுக்கு மீறிக் கொண்டாடப்படும் படங்கள் எவை, உரிய மரியாதை கிடைக்காமல் போன படங்கள் எவை என்று எங்கள் நண்பர் வட்டத்தில் அடிக்கடி சண்டை நடக்கும். என் கட்சி இதுதான். ‘நாயகன்’ அளவுக்கு மீறிக் கொண்டாடப்பட்ட படம். 2005-இல் ‘டைம்’ இதழ் அதைத் தன் நூறு சிறந்த படங்களில் ஒன்றாகச் சேர்த்த பிறகு யாருக்கும் அதைக் குறைசொல்லத் துணிச்சல் இல்லை. மாறாக ‘அன்பே சிவம்’, செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘ஆரண்ய காண்டம்’ ஆகிய மூன்றும் காலத்துக்கு முந்தி வந்ததாலேயே குறைத்து மதிப்பிடப்பட்டவை. சின்னத்திரையில் ‘மர்மதேச’த்துக்கு ஈடாக இன்றுவரை எதுவும் வரவில்லை, ஆனால் நாம் வெளிநாட்டு வெப் சீரிஸ்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறோம். உங்கள் பட்டியல் என்ன? தொலைக்காட்சியில் எங்கள் தலைமுறை தவறவிட்டது எது?

எனக்கு இந்தச் சினிமாப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் பெரியப்பா. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டகையை மூடியபோது அவர் கொண்டுவந்த இரண்டு படப்பெட்டிகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. என்ன படம் என்று தெரியவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார்கள்.

அன்புடன்,
ம., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள ம.,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் இதற்கும் எழுதியிருக்க மாட்டேன். முதலில் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு பெட்டிகளையும் யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பா உயிரோடு இருந்தால் இன்றே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதம் வருவதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே நான் படப்பிரதிகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘நாயகன்’ பற்றி நீங்கள் எழுதியிருப்பதை ஏற்கவோ மறுக்கவோ என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. அதைப் பாராட்டுகிறவர்களைப் பற்றியும் பாராட்டிய ஒரு பத்திரிகையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு காட்சி உண்டா? ஒரு நடிகரின் முகம், ஒரு வெட்டு, ஒரு வசனம் வந்து விழும் இடம், எதையாவது சுட்டிக்காட்டி இங்கே படம் பொய் சொல்கிறது என்று எழுதியிருந்தால் உங்களோடு உட்கார்ந்து சண்டை போட்டிருப்பேன். ஊர் மெச்சுகிறது என்பதற்காகவே ஒரு படத்தை இறக்குவதும், ஊர் மெச்சுகிறது என்பதற்காகவே அதை ஏற்றுவதும் ஒரே வகைச் சோம்பல்தான். இரண்டிலும் படத்தைப் பார்க்க வேண்டிய வேலை மிச்சமாகிறது. உங்கள் வயதில் சினிமா மீது இவ்வளவு ஆசை வைத்திருக்கும் ஒருவர் அந்த ஆசையை இப்படி வீணடிக்கக் கூடாது என்பதால்தான் கடுமையாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுத் தொடர்களைப் பற்றி எனக்கு வழக்கு ஏதும் இல்லை. நல்லதை எங்கிருந்து வந்தாலும் பாருங்கள்.

நீங்கள் குறைத்து மதிப்பிடப்பட்டவை என்று சொல்லும் மூன்று படங்களுக்கு வருகிறேன். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தது, வசூலில் தோற்றது, உண்மை. ஆனால் அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் போதெல்லாம் புதிதாக ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டே வந்து, இன்று அதைப் பிடிக்காது என்று சொல்லும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. 2010-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2021-இன் கடைசி நாளில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. ‘ஆரண்ய காண்டம்’ அதன் இயக்குநருக்கு முதல் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. தாமதமாக மதிப்பிடப்பட்டவை என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இந்தத் தாமதமான மதிப்பு எப்படிச் சாத்தியமாயிற்று என்று நீங்கள் யோசித்ததுண்டா? ரசனை வளர்ந்தது, காலம் மாறியது என்றெல்லாம் சொல்வோம். அதற்கு முன்னால் மிகச் சாதாரணமான ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தப் படங்களின் நல்ல பிரதிகள் எஞ்சியிருந்தன. தொலைக்காட்சிக்குக் கொடுக்க முடிந்தது, வட்டில் பதிக்க முடிந்தது, மறுபடியும் கொட்டகையில் ஓட்ட முடிந்தது. வெளியான வாரத்தில் தோற்ற படத்துக்கு இருபது ஆண்டு கழித்து நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் இருபது ஆண்டும் அந்தப் படம் உயிரோடு இருந்தாக வேண்டும். ரசிகர்கள் எத்தனை பட்டியல் போட்டாலும், பிரதி இல்லாத படத்துக்கு மறுவிசாரணையே கிடையாது. உண்மையிலேயே குறைத்து மதிப்பிடப்பட்டவை என்று நான் நினைக்கும் படங்களில் பாதி உங்கள் பட்டியலில் வரவே முடியாது, ஏனென்றால் அவற்றை நீங்கள் பார்க்க வழியில்லை.

‘அன்பே சிவம்’ வெளியான அதே 2003 ஜனவரியில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கு தீப்பிடித்து, 600-க்கும் மேற்பட்ட படங்களின் சுருள்கள் எரிந்தன. 1950-களுக்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் சுருளில் பதிவானவை. கற்பூரம் போலப் பற்றிக்கொள்ளும் பொருள் அது. அந்தக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-இல்தான். அதற்குள் எத்தனையோ படங்கள், சுருளில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே விற்கப்பட்டுக் கரைக்கப்பட்டுவிட்டன. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தார், சென்னையில் கூட்டம் அலைமோதியது. இன்று அதில் ஓர் அடி நீளம்கூடக் கிடையாது. அதை யார் எப்படி மதிப்பிடுவது?

அதெல்லாம் பழங்கதை என்று நீங்கள் நினைக்கலாம். 1988-க்கு வாருங்கள். இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திராவின் ‘வீடு’. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னதால், தாத்தாவும் தங்கையும் தன் பொறுப்பில் இருக்கும் ஒரு வேலைக்குப் போகும் பெண் கடனை உடனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டத் தொடங்குகிறாள், அவ்வளவுதான் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், விருது பெற்ற மாநிலமொழிப் படங்களைக் காட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். அப்போது எங்கள் வீட்டிலும் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அப்பா அலுவலகத்தில் கடன் வாங்கி, அம்மாவின் வளையல்களை அடகு வைத்து, லிண்டல் மட்டம் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். படத்தில் கான்டிராக்டர் சிமெண்ட் மூட்டைகளைக் கள்ளத்தனமாக விற்றுவிடுவதைச் சித்தாள் மங்கம்மா அந்தப் பெண்ணிடம் சொல்லும் இடம் வந்தது. அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், அங்கே இருந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, படம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். அப்பாவுக்குச் சினிமாவில் நம்பிக்கையே கிடையாது. ஒரு படம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி வெயிலில் சைக்கிள் மிதிக்க வைத்ததை நான் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு படத்துக்கு என்ன மதிப்பெண் வேண்டும்?

அப்பா பார்க்காமல் போன காட்சியைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருகிறார். கதவில்லாத நிலைகளின் வழியாக அறை அறையாக நடக்கிறார். பூசாத சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். பின்னணியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத் தொகுப்பிலிருந்து எடுத்த இசை. வசனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த முதியவரின் முகத்தில் வரும் மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகுவதை அவசரப்படாமல் காட்டுகிறார்கள். அன்றே, திரும்பும் வழியில், அவர் இறந்துபோகிறார். இயற்கையாக விழும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டே படம்பிடிப்பதில் பாலு மகேந்திராவுக்கு இணை அன்று இங்கே யாரும் இல்லை. சன்னல் வழியாக வரும் வெளிச்சம், செங்கல்லின் சொரசொரப்பு, முகத்தின் பாதியில் படிந்த நிழல் ஆகிய மூன்றையும் வைத்து அவர் எழுதிய காட்சி அது.

பிற்காலத்தில் நான் பார்க்க நேர்ந்த பிரதியில் அந்த நிழல் வெறும் கறுப்புத் திட்டாக இருந்தது. செங்கல் தெரியவில்லை. முகம் ஏதோ ஒரு வெளிறிய வட்டமாக அசைந்தது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ போன்ற தம் படங்களின் மூல நெகடிவ்கள், அதாவது பிரதிகள் எடுக்க உதவும் தாய்ச்சுருள்கள், அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் பொது மேடைகளில் வருந்திச் சொல்லிவந்தார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் இறந்துபோனார். ஒரு படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்குப் பாலாபிஷேகம் செய்யும் ஊர், அந்த மனிதர் கேட்ட ஒரு குளிர்பதன அறையைக் கட்டித்தரவில்லை. ஒளிப்பதிவாளரின் வெளிச்சம் அழிந்த பிறகு, கதையை மட்டும் பார்த்துவிட்டு, ‘நல்ல படம்தான், கொஞ்சம் மெதுவாகப் போகிறது’ என்று உங்கள் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் மீது எனக்குக் கோபம் வராது. அவர் பார்த்தது பாலு மகேந்திரா எடுத்த படம் அல்ல.

இதில் விதியை நோக முடியாது. நைட்ரேட்டுக்குப் பிறகு வந்த அசிடேட் சுருள் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் அதிலிருந்து புளித்த காடி வாடை கிளம்பும், சுருள் சுருங்கும், வளையும், வண்ணங்கள் வெளுத்து ஒரே சிவப்பாக நிற்கும். சென்னை மாதிரி ஊரில் குளிர்பதனம் இல்லாத அறை என்பதே அதற்கு எமன். டிஜிட்டல் வந்து, படச்சுருளைக் கழுவிப் பிரதி எடுக்கும் லேப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அங்கே கிடந்த நெகடிவ்களைத் தேடி வராத தயாரிப்பாளர்கள் எத்தனையோ பேர். தொலைக்காட்சி உரிமையை விற்ற பிறகு நெகடிவை வைத்து என்ன செய்வது என்று கேட்டவர்களும் உண்டு. மலையாளத்தைப் பாருங்கள். இயக்குநர் அரவிந்தன் 1978-இல் எடுத்த ‘தம்ப்’ படத்தின் மூல நெகடிவ் இல்லை. ஆனால் புனே காப்பகத்தில் ஒரு பிரதி இருந்தது. அதிலிருந்து எடுத்த நெகடிவைக் கொண்டு பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு படத்தை மீட்டெடுத்தது, 2022-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. ஒரே ஒரு பிரதியை யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததால் நடந்தது அது.

இப்போது உங்கள் பரணுக்கு வருகிறேன். அந்தப் பெட்டிகளில் இருப்பது ஏற்கெனவே நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு வெற்றிப்படத்தின் தேய்ந்த பிரிண்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும் தெரியாமல் தூக்கிப் போடக் கூடாது. வெயில் ஏறாத வேளையில் கீழே இறக்குங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் ஒவ்வொரு டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதையும் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள், துடைக்க வேண்டாம். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காடி வாடை வந்தால் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். சுருளை உருவிப் பார்க்காதீர்கள், பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டவே வேண்டாம். சுருளின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல் கண்ணில் படவில்லை என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, நெருப்பும் சூடும் அண்டாத இடத்தில், ஆட்கள் தூங்கும் அறைக்கு வெளியே வைத்துவிட்டு உடனே புனே காப்பகத்துக்கு எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்ட வேண்டாம், சுருள் மூச்சுவிட வேண்டும். டப்பாக்களைப் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். பெரியப்பாவிடம் கேட்டால் பாதிப் படங்களின் பெயரை அவர் மூடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் எத்தனையாவது ரீலில் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டோம் என்பதைக்கூட நினைவில் வைத்திருப்பார்கள். அவர் சொல்வதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

தொலைக்காட்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாகாவின் இயக்கத்தில் வந்த ‘மர்மதேசம்’ நல்ல தொடர். ‘விடாது கருப்பு’ என்று சொன்னால் இன்றும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிலிர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு மரியாதை குறையவில்லை. நீங்கள் தவறவிட்டது பாலு மகேந்திரா சன் டிவிக்காக எடுத்த ‘கதை நேரம்’. தமிழ்ச் சிறுகதைகள் 52-ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறும்படமாக, ஓரிரு அறைகளுக்குள், இரண்டு மூன்று நடிகர்களோடு முடித்திருந்தார். நெடுந்தொடர்கள் இரவு முழுக்க அழுதுகொண்டிருந்த காலத்தில், ஒரு சிறுகதை எங்கே நிறுத்துகிறதோ அங்கேயே நிறுத்தத் தெரிந்த நிகழ்ச்சி அது. கிடைக்கும் கதைகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு அவற்றில் ஏதாவது ஒரு காட்சியைப் பற்றி மட்டும், பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், எனக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுகிறேன்.