போர்முனையில் சிப்பாய்கள் ஏன் தாங்களே பாட்டு கட்டினார்கள்?

சிப்பாய்ப் பாட்டு என்பது மேலிடம் எழுதிக் கொடுக்கும் அணிவகுப்புப் பாட்டு அல்ல, போர்க்களத்தில் இருப்பவர்கள் தங்கள் படைப்பிரிவைப் பற்றித் தாங்களே கட்டிப் பாடுவது. மெட்டு பெரும்பாலும் இரவல்தான். விடுதிப் பையன்கள் சினிமா மெட்டில் மெஸ் சாம்பாரைக் கிண்டல் செய்வார்களே, அதே கதை.

ஏன் பாட்டு? தனியாளாகக் குறை சொன்னால் தண்டனை, நூறு பேர் சேர்ந்து பாடினால் யாரைப் பிடிப்பது!

இரண்டாம் உலகப் போரில், 1944ல் இத்தாலியில் போரிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களையே பாருங்கள். 'டி-டே' எனப்படும் ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய பிறகு உலகத்தின் கண்ணெல்லாம் பிரான்ஸ் மேல் போய்விட, அதற்கு முன்பே இத்தாலியின் சலெர்னோ, அன்சியோ, கசினோ என்று ஆட்களை இழந்திருந்த இவர்களை 'டி-டேக்கு டிமிக்கி கொடுத்தவர்கள்' என்று பிரிட்டிஷ் எம்.பி. நான்சி ஆஸ்டர் சொன்னதாக ஒரு பேச்சு பரவியது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று அந்தப் பட்டத்தையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டு, அதுவும் எதிரி நாடான ஜெர்மனியின் 'லிலி மார்லீன்' பாட்டு மெட்டிலேயே, நாங்கள் இங்கே ஒயின் குடித்துக்கொண்டு ஜாலியாக இருக்கிறோம் என்று பாடினார்கள். முடிவில்தான் கிண்டல் நின்றுபோய், மலைச்சேற்றில் பெயரில்லாமல் நிற்கும் சிலுவைகள் வருகின்றன.

ஆஸ்டர் அப்படிப் பேசியது உறுதி என்று இன்றும் பலர் நம்புகிறார்கள், ஆனால் அவர் அதை மறுத்தார், பேசியதற்கான பதிவும் கிடைக்கவில்லை.