நிலா ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிலா, செவ்வாய் ஆராய்ச்சிக்குப் போக மகள் எதைப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. படித்து முடித்தால் சோறு போடுமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பி.எஸ்சி ஜியாலஜி, அதாவது பாறையையும் புவியின் அமைப்பையும் பற்றிய படிப்பு. அதன் பிறகு எம்.எஸ்சி ஜியாலஜி அல்லது அப்ளைடு ஜியாலஜி. "ஸ்பேஸ்" என்ற சொல்லைப் பெயரில் ஒட்டிக்கொண்டு விளம்பரத்தில் வரும் புதிய பட்டங்களில் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். கோள்களின் தரையை ஆராய்வது பாறையை ஆராயும் வேலைதான். ராக்கெட் செய்பவர்கள் வேறு, அது கொண்டுவரும் தகவலைப் படித்து "இது இன்ன பாறை" என்று சொல்பவர்கள் வேறு. உங்கள் மகள் கேட்பது இரண்டாவது வேலை.

நீங்கள் நாமக்கல் மாவட்டம் என்று எழுதியிருப்பதால் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அதற்கான கல் கிடைத்தது சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும். அங்கே உள்ள அனார்த்தோசைட் பாறையில் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் கனிமம் நிறைந்திருக்கிறது. நிலாவின் வெளிறிய மேட்டுப்பகுதிகளும் அதே வகைப் பாறையால் ஆனவை. கல்லை உடைத்து, குறிப்பிட்ட அளவு பருக்கைகளாக அரைத்து பெங்களூருவுக்கு அனுப்பிய அந்தப் பணியில் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறைக்கும் பங்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கிய பிறகு, பிரக்யான் ரோவரில் இருந்த ஏபிஎக்ஸ்எஸ் கருவி மண்ணில் உள்ள மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், கால்சியம், இரும்பு போன்ற தனிமங்களை அளந்தது. கருவி தருவது தனிமங்களின் அளவை மட்டுமே. அந்த எண்களை வைத்து, இது ஃபெரோவன் அனார்த்தோசைட் (இரும்பு கலந்த அனார்த்தோசைட்) வகை, ஆதியில் நிலா உருகிய குழம்பாக இருந்தபோது மேலே மிதந்து இறுகிய பகுதி என்று முடிவுக்கு வர பாறையியல் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கருவியை உருவாக்கியது அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம், பிஆர்எல். உங்கள் மகள் கனவு காணும் நாற்காலி ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

இனி, பெற்றோர் அதிகம் தவறவிடும் விஷயம்: பட்டத்தின் பெயர். கலந்தாய்வுப் பட்டியலில் பாறையைப் படிக்கும் ஜியாலஜியும், நிலம், நாடு, மக்கள் பற்றிப் படிக்கும் ஜியாகிரபியும் அடுத்தடுத்து நிற்கும். தமிழில் இரண்டுக்குமே புவியியல் என்று போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயரையும் பாடத்திட்டத்தையும் பார்த்து உறுதி செய்யுங்கள். எம்.எஸ்சியில் இன்னும் கவனம் தேவை. மத்திய அரசின் ஜியாலஜிஸ்ட் பணிகளுக்காக யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த ஜியோ-சயன்டிஸ்ட் தேர்வின் அறிவிக்கையில், எந்தெந்த முதுகலைப் பட்டங்கள் செல்லும் என்று பெயர் பெயராக அச்சிட்டிருப்பார்கள். ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மரைன் ஜியாலஜி எல்லாம் அதில் உண்டு. ஜியாகிரபி இல்லை. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (வரைபடத் தரவுகளைக் கணினியில் கையாளும் படிப்பு) நல்ல படிப்புதான், ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஜியாலஜிஸ்ட் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பானாலும் கடைசியில் சான்றிதழில் என்ன பெயர் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் எடுத்திருப்பது நல்லதாயிற்று. கணிதத்தை இத்தோடு விட்டுவிடாமல், பி.எஸ்சியில் துணைப்பாடமாகக் கணிதமும் இயற்பியலும் கிடைக்கும் கல்லூரியைப் பாருங்கள். கணிதம் இல்லாமல் ஜியாலஜி படித்து அரசுப் பணிக்குப் போய்விடலாம். ஆனால் நிலத்தடி நீரோட்ட மாதிரி, புவி இயற்பியல், கோள் பரப்பின் நிறமாலை ஆய்வு என்று எந்த ஆராய்ச்சிக்குப் போனாலும் வகைக்கெழுச் சமன்பாடும் புள்ளியியலும் வழியில் நிற்கும். ஆராய்ச்சியின் நடுவில் பலர் திணறுவது அங்கேதான்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி ஜியாலஜி எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவை நெடுங்காலமாக நடத்திவருகின்றன. உங்களுக்கு சேலம் பக்கம். மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வும் கைகொடுத்தால் ஐஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நடத்தும் ஐஏடி நுழைவுத்தேர்வையும், காரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளின் ஜியாலஜிப் படிப்புகளுக்காக ஜேஇஇ அட்வான்ஸ்டையும் எழுதலாம். கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடாது. பி.எஸ்சி மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வில் ஜியாலஜித் தாளை எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி சேரும் வழி இருக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் 20 கேள்விகளுக்குத் தெரிவு விடையே இராது, எண்ணைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். பாறை அடுக்கின் சாய்வுக் கோணம், அதன் உண்மைத் தடிமன், நீர்க்கடத்தும் திறன் போன்ற கணக்குகளை இரண்டாம் ஆண்டிலிருந்தே கையால் போட்டுப் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பகுதி வசப்படும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிஎச்.டி முடிய பிளஸ் டூவிலிருந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும்: மூன்று, இரண்டு, ஐந்து. கடைசி ஐந்தில் வீட்டுப் பணம் தேவைப்படக் கூடாது. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்று தனித் தாளே இருக்கிறது. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தொகை சில மாதங்கள் தாமதமாக வருவதும் சகஜம் என்பதால் கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும்.

எல்லோரும் ஆராய்ச்சியாளர் ஆகிவிட முடியாது. இந்தப் படிப்பை நான் தயக்கமில்லாமல் சொல்வதற்குக் காரணம், எம்.எஸ்சி முடிக்கும் இடத்திலேயே நல்ல அரசுப் பணி ஒன்று நிற்கிறது என்பதுதான். மேலே சொன்ன யுபிஎஸ்சி தேர்வின் மூலம் இந்திய புவியியல் ஆய்வு மையத்தில் ஜியாலஜிஸ்ட் ஆகலாம், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீரியல்) விஞ்ஞானி ஆகலாம். குரூப் ஏ பணி, தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.56,100. வயது 21 முதல் 32 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வுக்கு 400, முதன்மைத் தேர்வில் மூன்று தாள்களுக்கு 600, நேர்காணலுக்கு 200 என மொத்தம் 1,200 மதிப்பெண். எம்.எஸ்சி இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். முதன்மைத் தாள்கள் விரிவாக எழுதுபவை, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். நம் பிள்ளைகள் பாடத்தில் தோற்பதைவிட, மூன்று மணி நேரம் படம் வரைந்து கோர்வையாக எழுதும் பழக்கம் இல்லாமல் தோற்பதுதான் அதிகம். வாரம் ஒரு விடை, படத்தோடு, நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். மாநில அளவில் டிஎன்பிஎஸ்சி உதவி ஜியாலஜிஸ்ட் பணிகள் இருக்கின்றன. ஆனால் எல்லா ஆண்டும் அறிவிப்பு வராது, அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

மகளுக்கு நிலா மேல் கண் இருந்தாலும் தண்ணீரை விட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. அங்கே தண்ணீர் இருப்பது பாறையின் விரிசல்களிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஃபுளோரைடு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஹைட்ரோஜியாலஜிஸ்ட் தேவை. தனியாரிலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் இந்தப் படிப்பு உள்ளவர்களை எடுக்கின்றன.

இந்த வேலையின் தரம் எங்கே முடிவாகிறது என்பதற்கு ஒரு சின்ன விஷயம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஆய்வுக்கு நீர் எடுப்பதை வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டதும் வரும் முதல் நீரைப் பிடிக்கக் கூடாது, அது குழாயில் தேங்கியது. மின்கடத்துதிறன், பிஹெச், வெப்பநிலை மூன்றும் நிலைக்கும் வரை ஓடவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து இரண்டு பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஒன்றில் பிஹெச் 2-க்குக் கீழே வரும்படி நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள், அது கால்சியம், மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்களுக்கு. மற்றதில் அமிலம் கூடாது, காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும், அது குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட்டுக்கு. பாட்டில் மாறினால், அமிலத்தில் இருந்த நைட்ரேட் கிணற்றின் கணக்கில் ஏறிவிடும். பைகார்பனேட்டைக் கிணற்றடியிலேயே டைட்ரேஷன் செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் அடியில் படிந்திருக்கும்.

முடிவுகள் வந்ததும் நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் மில்லி ஈக்விவலன்டில் (அயனியின் எடையோடு மின்னூட்டத்தையும் கணக்கில் எடுக்கும் அலகு) ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 20 மி.கி. கால்சியம் ஒரு மில்லி ஈக்விவலன்ட், 61 மி.கி. பைகார்பனேட்டும் ஒன்று, 35.5 மி.கி. குளோரைடும் ஒன்று. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நம்பலாம், 10-ஐத் தாண்டினால் எங்கோ பிழை. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் வரைபடம் போட்டு வரும் எம்.எஸ்சி ஆய்வேடுகள் ஏராளம். உங்கள் மகள் இதை ஒழுங்காகச் செய்யக் கற்றால் நேர்காணலில் அது தனியாகத் தெரியும்.

களப்பணியிலும் அப்படித்தான். காம்பஸை வைத்துப் பாறையின் போக்கையும் சாய்வையும் அளப்பது முதலாண்டுப் பாடம். சேலம் கஞ்சமலையில் மேக்னடைட் பாறைக்குப் பக்கத்தில் அதே காம்பஸ் பொய் சொல்லும், முள் இரும்புப் பக்கம் இழுபடும். அங்கே சாய்வுக் கோணத்தை நம்பலாம், திசையை நம்பக் கூடாது. திசையைத் தொலைவில் தெரியும் கோபுரத்தையோ மலை உச்சியையோ வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். செவ்வாயில் நம்பத்தக்க பொதுவான காந்தப்புலமே கிடையாது, அங்கே எல்லாத் திசையும் படத்தையும் நிழலையும் வைத்து எடுப்பதுதான்.

கோள் ஆராய்ச்சிக்கான பயிற்சியை இன்றே வீட்டில் தொடங்கலாம், காசு வேண்டாம். இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் பதிவு செய்தால் சந்திரயான் தரவுகள் கிடைக்கும். சந்திரயான்-2-ன் டிஎம்சி-2 கேமரா எடுத்த படங்கள் 5 மீட்டர் நுணுக்கம் கொண்டவை. அவற்றைத் திறந்து அளக்க கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் இருக்கிறது. ஒரு சின்னப் பகுதியை எடுத்து அதில் விண்கற்கள் மோதி உண்டான பள்ளங்களின் விட்டத்தை அளந்து, எந்த அளவில் எத்தனை என்று எண்ணட்டும். பள்ளம் கூடினால் தரை பழையது என்பதுதான் அடிப்படை. எல்லாரும் செய்யும் தவறு, பெரிய மோதலிலிருந்து சிதறிய கற்கள் உண்டாக்கிய இரண்டாம் நிலைப் பள்ளங்களையும் சேர்த்து எண்ணுவது. அவை கொத்தாகவும் சங்கிலியாகவும் இருக்கும், நீக்காவிட்டால் வயது ஏறிவிடும். இன்னொன்று, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் பள்ளத்தை மேடாக எண்ணிக்கொள்வது.

உயிர்ச்சூழல் பக்கம் ஆர்வம் திரும்பினால் பாதையே வேறு. பி.எஸ்சியில் விலங்கியல், தாவரவியல் அல்லது காட்டுயிர் உயிரியல் படித்துவிட்டு, டேராடூன் இந்திய காட்டுயிர் நிறுவனம், பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) போன்ற இடங்களின் எம்.எஸ்சிக்குப் போட்டியிட வேண்டும். இடங்கள் மிகக் குறைவு. முதலாண்டு முடிவதற்குள் அவள் தீர்மானித்துவிடுவது நல்லது.

பெண் பிள்ளையை வெளியூர்க் களப்பணிக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரிக் களப்பயணம் ஆசிரியர்களோடு குழுவாகத்தான் நடக்கும். புவியியல் ஆய்வு மையத்தில் மழைக்குப் பிறகு தொடங்கி கோடை வரை களப் பருவம். மலை, காடு, முகாம் எல்லாம் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. பெண்கள் நிறையப் பேர் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்ய இருந்த தடையும் 2019-ல் நிபந்தனைகளோடு தளர்த்தப்பட்டது. அலைச்சல் ஒத்துவராது என்று பிறகு தோன்றினால் ஆய்வகம், தொலையுணர்வு, நீர் மாதிரியாக்கம் என்று உள்ளேயே மாறிக்கொள்ளலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறைத் தலைவரிடம் நான்கைந்து விஷயம் கேளுங்கள். தளவிளைவு நுண்ணோக்கிகள் (போலரைசிங் மைக்ரோஸ்கோப்) எத்தனை வேலை செய்கின்றன, எத்தனை மாணவருக்கு ஒன்று? பாறைச் சீவல், அதாவது நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாகத் தேய்த்த பாறைத் துண்டு, இங்கேயே செய்கிறார்களா? சீவல் 0.03 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். ஒன்றை வாங்கி அந்த நுண்ணோக்கியில் குறுக்குத் தளவிளைவில் (கிராஸ்டு போலார்ஸ்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சரி, மஞ்சளடித்தால் சீவல் தடிமன். ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பணி, அதில் வரைபடம் போடவைக்கிறார்களா அல்லது பேருந்திலிருந்து இறக்கிக் காட்டிவிட்டு ஏற்றுகிறார்களா? சென்ற மூன்று ஆண்டுகளில் ஜாம், நெட், கேட் தேறியவர்கள் யார் யார்? கடைசியாக, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் களக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி, இடத்தின் அட்சதீர்க்கம், அளவீடு, கையால் வரைந்த படம் நான்கும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தால் அந்தத் துறையில் தாராளமாகச் சேர்க்கலாம்.