வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பன்னி, பக்கத்துலயே காய்கறித் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டுக்குப் பின்னாடி 15 சென்ட் இடம் கிடக்கு. கத்தரி, வெண்டை, பயறு, கீரைன்னு போட்டிருக்கேன், நாலு மூடு வாழையும் நிக்குது. வீட்டுக்காரர் வெண்பன்றிக் குட்டி ரெண்டு வாங்கலாம்ங்கிறார், சாணத்தை அப்படியே செடிக்குப் போட்டா உரச் செலவே இல்லைங்கிறார். போடலாமா? நாத்தம் வந்து பக்கத்து வீட்டோட சண்டை வருமோன்னும் பயமா இருக்கு.
- வாசகி, கருங்கல்

பதில்: தாராளமா வளக்கலாம்மா. ரெண்டு குட்டின்னு சொன்னதும் சரியான முடிவு, பன்னி கூட்டத்தோட இருக்குற பிராணி, ஒத்தையா விட்டா சரியா தின்னாது. ஆனா சாணத்தை அப்படியே போடுற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பச்சைச் சாணத்துல சால்மொனெல்லா மாதிரி கிருமி இருக்கும், உருண்டைப் புழுவோட முட்டை இருக்கும், அந்த முட்டை மண்ணுக்குள்ள வருஷக்கணக்குல சாகாம கிடக்கும், நீங்க கீரையைப் பறிச்சு ரெண்டு தண்ணில அலசினா போயிடுற சமாச்சாரம் இல்ல அது. அமெரிக்காவுல இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு ஒரு விதி வச்சிருக்காங்க, மக்காத எருவைப் போட்டா மண்ணோட ஒட்டுற காய் கீரையை 120 நாள் கழிச்சுத்தான் அறுக்கணும், மத்ததுக்கு 90 நாள். நம்ம அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் ஒரு மாசத்துல கைக்கு வந்துடும், அப்போ கணக்கு எங்க ஒத்துவரும்?

அதனால கொட்டிலுக்கும் பாத்திக்கும் நடுவுல ஒரு குவியல் இருக்கணும், அது நல்லா சூடேறணும். பன்னிச் சாணத்துல தழைச்சத்து ஜாஸ்தி, தனியா குவிச்சா அழுகி நாறும், சூடும் ஏறாது. ஒரு கூடை சாணத்துக்கு ரெண்டு மூணு கூடை காஞ்ச சருகு, வைக்கோல், மக்குன தென்னைநார்க் கழிவுன்னு எது கிடைக்குதோ அதை மாத்தி மாத்தி அடுக்கி நாலடி உயரத்துக்குக் குவிங்க, ரொம்பக் குட்டையா இருந்தா சூடு நிக்காது. புழிஞ்ச துணி மாதிரி ஈரம் இருந்தா போதும். உள்ளே 55 டிகிரிக்கு மேல ரெண்டு வாரமாவது நிக்கணும், அந்த நாள்ல அஞ்சு தடவை கிளறி வெளிப்பக்கம் இருந்ததை உள்ளே தள்ளணும், ஏன்னா ஓரத்துல இருக்குறது வேகவே வேகாது. கம்போஸ்ட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கறது நல்லது, இல்லைன்னா ஒரு இரும்புக் கம்பியைச் சொருகி பத்து நிமிஷம் கழிச்சு உருவிப் பாருங்க, கையில புடிக்க முடியாத சூடு இருக்கணும். அப்புறம் ரெண்டு மூணு மாசம் நிழல்ல கிடக்கட்டும். கருப்பா மண்வாசனையோட பொலபொலன்னு ஆனதும் கத்தரிக்குப் போடுங்க, காய் பிடிக்கிறதைப் பாத்து நீங்களே சொல்வீங்க.

கழுவுற தண்ணிய காய்கறிப் பக்கமே விடாதீங்க, ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் திருப்பிடுங்க. கிணறு இருந்தா கொட்டில் அதுக்குத் தள்ளி, பள்ளமான பக்கமா இருக்கட்டும். நாத்தத்துக்குக் காரணம் பன்னி இல்ல, ஈரம்தான். சிமெண்ட் தரை சரிவா இருந்து, தினமும் சாணத்தை வழிச்சு எடுத்து, மேல சருகு போட்டு மூடினா முக்கால்வாசி நாத்தம் அடங்கிடும். பன்னிக்கு வேர்க்காது, அதனால மத்தியானம் மேல தண்ணி தெளிச்சு விடணும், நிழல் கட்டாயம், வெள்ளைத் தோல் வெயில்ல வெந்துடும். இன்னொண்ணு, குட்டி வாங்குறதுக்கு முன்னாடியே பஞ்சாயத்துல அனுமதி கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க, கொட்டில் கட்டுனதுக்கு அப்புறம் பேசுறதை விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோலும் சேம்பிலையும் நிறைய மிஞ்சுது, பன்னிக்குப் போடலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பச்சையா போடாதீங்க. மரச்சீனியில சயனைடு விஷம் உண்டு, அதுவும் கிழங்கை விட தோல்ல ஜாஸ்தி. சின்னதா நறுக்கி மூணு நாள் நல்ல வெயில்ல காயப்போடுங்க, இல்லைன்னா மூடாம வேகவச்சு தண்ணிய வடிச்சுக் கொட்டுங்க. சேம்பிலையும் வேகணும், இல்லாட்டி வாய் அரிச்சு தின்னாது. சர்க்கரைவள்ளிக் கொடி, முத்துன கீரைத்தண்டு, பூசணி எல்லாம் பச்சையாவே போடலாம். ஆனா இதுவே முழுத் தீவனம்னு நினைக்காதீங்க, பன்னி மாடு மாதிரி அசை போடுற ஜாதி இல்ல, மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு இல்லாம உடம்பு ஏறாது.

கேள்வி: ஹோட்டல் மிச்சம் சும்மாவே கிடைக்குது. முதுமலை காட்டுப்பன்னிக்கு ஏதோ காய்ச்சல் வந்துச்சே, அதனால பயமா இருக்கு. தடுப்பூசி போட்டாச்சு, போதும்தானே?
- வாசகர், கூடலூர்

பதில்: போதாதுங்க, இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. உங்க டாக்டர் போட்டிருப்பது கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு, அது கட்டாயம் போடவேண்டிய ஊசிதான். முதுமலையில 2023 ஜனவரியில உறுதியானது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், அது வேற வைரஸ், அதுக்கு நம்ம நாட்டுல பண்ணைக்குப் போட ஊசி இல்ல, மருந்தும் இல்ல. 2020ல அசாம்ல இந்தியாவுக்குள்ள முதல்ல தெரிஞ்சுது, 2022ல உங்க பக்கத்து வயநாட்டுக்கே வந்துடுச்சு. மனுஷனுக்கு ஒட்டாது, ஆனா பன்னிக்கு வந்தா பொழைக்கிறது ரொம்ப அபூர்வம். ஒரு பண்ணையில வந்துட்டா சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள இருக்குற நல்ல பன்னியையும் சேர்த்து அழிக்கணும்ங்கிறது அரசோட நடைமுறை, அதனால நீங்க கவனிக்காம விட்டா நஷ்டம் உங்களோட நிக்காது.

அந்த வைரஸ் பன்னிக்கறிக்குள்ள, ஃப்ரீசர்ல வச்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஹோட்டல் மிச்சத்துல எந்தக் கறி கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? என்கிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். வேற வழியே இல்லைன்னா கறித்துண்டை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, தளதளன்னு கொதி வந்ததுல இருந்து அரைமணி நேரம் கிளறிக்கிட்டே கொதிக்க விடுங்க, கொண்டு வந்த வாளியும் கொதிச்ச தீவனம் போடுற வாளியும் வேற வேற. ஊறுகாய், சாம்பார்னு உப்பு ஜாஸ்தியா இருக்கும், தொட்டியில தண்ணி வத்துனா உப்பு விஷமேறி வலிப்பு வந்து செத்துடும். காட்டோரம் இருக்கீங்க, காட்டுப்பன்னி நுழையாம ரெட்டை வேலி போடுங்க.

கேள்வி: பன்னி வளக்குற வீட்டுக் கீரையைத் தின்னா மூளையில புழு வரும்னு மாமியார் சொல்றாங்க, நிஜமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மாமியாரோட பயத்துல பாதி நியாயம் இருக்கும்மா. மூளைக்குப் போற அந்த நாடாப்புழு முட்டை பன்னிச் சாணத்துல வராது, வயித்துல புழு இருக்குற மனுஷனோட மலத்துலதான் வரும். அதைத் தின்ன பன்னியோட கறியில கட்டி உண்டாகும், கறியைச் சரியா வேகவைக்காம தின்னா நம்ம குடலுக்குள்ள புழு வளரும், அப்புறம் அந்த ஆளோட மலத்துல இருந்து கை வழியா, தண்ணி வழியா, கழுவாத கீரை வழியா முட்டை இன்னொருத்தர் வாய்க்குள்ளயோ அதே ஆள் வாய்க்குள்ளயோ போனாத்தான் மூளையில கட்டி, வலிப்பு எல்லாம். அதனால பன்னியை வெளியில மேய விடாதீங்க, வீட்டுல எல்லாரும் கக்கூஸ் போய் சோப்பு போட்டுக் கை கழுவணும், தோட்டத்துல வேலைக்கு வர்றவங்களுக்கும் கக்கூஸைத் திறந்து விடுங்க. கறி நடுவுல சிவப்பு தெரியாம வேகட்டும்.

கேள்வி: பொறந்து பத்து நாளான குட்டிங்க வெளிறிப்போய் மூச்சு வாங்குது, பால் நல்லாத்தான் குடிக்குது. என்ன செய்யலாம்?
- வாசகர், குலசேகரம்

பதில்: ரத்தசோகையா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. குட்டிக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும், தாய்ப்பால்ல கிடைக்கிறது 1 மில்லிகிராம்தான், சிமெண்ட் தரையில கிடக்குற குட்டிக்கு மண்ணுல இருந்தும் கிடைக்காது. மூணு நாலு நாள்லயே இரும்பு ஊசி போட்டிருக்கணும், இப்பவும் போடலாம். வேற நோயாவும் இருக்கலாம்ங்கிறதால இதைப் படிச்ச உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்க, அளவை அவரே எடை பாத்துச் சொல்லட்டும், அடுத்த ஈத்துக்கு ஊசியை முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.