பாத்தோங்கில் டெண்டர் படகு: 9 மணி ஃபி ஃபி பயணம் சரிவராது

வணக்கம். உங்கள் சுற்றுலாக் கப்பல் தாய்லாந்தின் பூக்கெட் தீவிலுள்ள பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் காலை 8 மணிக்கு நங்கூரமிடும், கப்பலுக்கும் கரைக்கும் ஆளேற்றும் சிறு படகான டெண்டர் கடைசியாக மாலை 5 மணிக்கு, அதற்குள் கப்பலுக்கு வெளியே பதிவு செய்த 9 மணி ஃபி ஃபி தீவுப் பயணம் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, ரத்து செய்துவிடுங்கள்.

8 மணி என்பது நங்கூரம் போடும் நேரம்தான். அதிகாரிகள் அனுமதி தந்து, படகுகளை இறக்கி, கப்பலின் சொந்தச் சுற்றுலாக்காரர்களை முதலில் அனுப்பிய பிறகே உங்கள் டெண்டர் டிக்கெட் எண்ணைக் கூப்பிடுவார்கள். கரை சேர 10 ஆகலாம். ஃபி ஃபி போகும் வேகப்படகுகள் பெரும்பாலும் கிளம்புவது தீவின் கிழக்குக் கரையில். பாத்தோங்கிலிருந்து மலைச்சாலையைத் தாண்டிப் போகவேண்டும், நெரிசல் வேறு. ஃபி ஃபியைக் கட்டாயம் பார்க்கவேண்டுமென்றால் கப்பலிலேயே பதிவு செய்யுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தாமதமானால் கப்பல் காத்திருக்கும்.

இல்லையேல் ஓட்டுநரோடு கார் எடுத்து வாட் சாலோங் புத்தர் கோவில், பழைய பூக்கெட் டவுன் போதும். 11 மணிக்குப் பேசிவைத்து, 3.30க்குள் கடற்கரைக்குத் திரும்புங்கள். கடைசி ஒரு மணி நேர டெண்டர் வரிசையில் நிழல் கிடைப்பது சந்தேகம்.

தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கைபேசி 4 காட்டும்போதே கடைசி டெண்டர் போய்விடும்! கைபேசியின் தானியங்கி நேரத்தை அணைத்துவையுங்கள்.

உடன் வரும் உங்கள் அம்மாவின் முழங்கால்தான் உண்மையான கவலை. அலையில் டெண்டர் மேலும் கீழும் ஆடும்போதே கப்பலிலிருந்து அதற்குக் கால் மாற்றி வைக்கவேண்டும். பணியாளர்கள் கைகொடுப்பார்கள், தூக்கிவிடமாட்டார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் டெண்டரே ரத்தாகலாம், எனவே பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாகப் பாருங்கள்.