கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே வளையம், மூன்று வேகம்

கேள்வி: கிளாக் (எல்லா கேட்டையும் ஒரே தாளத்தில் ஓட்டும் பொதுத் துடிப்பு) இல்லாமல் ஓடும் கேட் வளையம் ஒன்றை பிரெட்போர்டில் போட்டிருக்கிறேன். ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு சி-கேட், ஒரு இன்வெர்ட்டர் (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பும் கேட்). சப்ளை கொடுத்தால் ஒரு தடவை 10 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறது, அடுத்த தடவை 3.6. சில சமயம் அசைவதே இல்லை. ஐசி போய்விட்டதா?
– கல்லூரி மாணவர், பல்லடம்

பதில்: ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. சப்ளை வரும்போது வளையத்தில் எத்தனை டோக்கன் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் மல்லர் 1950-களில் தந்த இந்த சி-கேட், இரண்டு இன்புட்டும் ஒத்துப்போனால்தான் மாறும். முந்தைய கட்டம் ஒரு இன்புட். அடுத்த கட்டம் தலைகீழாகி இன்னொரு இன்புட். அடுத்தடுத்து 1 ஆக நிற்கும் கட்டங்களின் கூட்டம்தான் ஒரு டோக்கன். ஓட ஆரம்பித்தால் அந்த எண்ணிக்கை மாறவே மாறாது. எல்லாமே 0 அல்லது எல்லாமே 1 என்றால் டோக்கனே இல்லை, வளையம் நின்றுவிடும்.

உங்கள் ஊர் தறிக் கணக்குதான் இது. பாவு சுற்றிய பீம் தறிக்கு வரவேண்டும், ஓடி முடிந்த காலி பீம் சைசிங்குக்கு, அதாவது பாவுக்குக் கஞ்சி போடும் இடத்துக்கு, திரும்ப வேண்டும். பாவு வரத் தாமதமானாலும் தறி நிற்கும். காலி பீம் திரும்பாவிட்டால் சைசிங் நிற்கும்.

வளையத்திலும் டோக்கன் முன்னே போகும், காலி இடம் பின்னே வரும். ஆகவே இரண்டு திசையிலும் கணக்குப் போடுங்கள். சி-கேட் மாற 20 நானோ செகண்ட், இன்வெர்ட்டர் மாற 8 என்று வைப்போம். முன்னோக்கிய சுற்று 5 × 20 = 100; அதை டோக்கன் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பின்னோக்கி ஒரு கட்டத்துக்கு 20 + 8 = 28. கட்டம் 1 ஆகித் திரும்ப 0 ஆக இரண்டு மாற்றம் வேண்டும் என்பதால் பின்னோக்கிய சுற்று 10 × 28 = 280; அதைக் காலி இடங்களின் எண்ணிக்கையான (5 – டோக்கன் × 2) ஆல் வகுக்க வேண்டும். எது பெரியதோ அதுதான் பீரியட், அதாவது ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம். ஒரு டோக்கனுக்கு 100, 93. எனவே 100, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். இரண்டுக்கு 50, 280, எனவே 3.6. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்குள் சுற்றும் நான்கு சி-கேட், இரண்டு இன்வெர்ட்டர் வழி 4 × 20 + 2 × 8 = 96தான். இரண்டிலும் அது முந்தாது.

கட்டம் குறைந்தால் வேகம் கூடும் என்று நினைத்து மூன்றாகக் குறைத்துவிடாதீர்கள். அங்கே பின்னோக்கிய சுற்று 6 × 28 = 168, வகுக்க 1தான். ஐந்தை விட மந்தம்.

தீர்வு ரீசெட்: சப்ளை வரும்போது ஒரு கட்டத்தை 1 ஆகவும் மற்ற நான்கை 0 ஆகவும் பிடித்து வைத்தால் எப்போதும் ஒரே டோக்கன்தான். நான்கு கட்டங்களின் அவுட்புட்டில் ஒரு ஆண்ட் கேட், ஒன்றில் மட்டும் ஆர் கேட். ஃபீட்பேக் அதற்குப் பிறகே எடுக்க வேண்டும். சி-கேட்டுக்கு மூன்று ஆண்ட், இரண்டு ஆர் போட்டிருந்தால் மொத்தம் 74ஹெச்சி08 (நான்கு ஆண்ட் கேட் உள்ள ஐசி) ஐந்து, 74ஹெச்சி32 (நான்கு ஆர் கேட் உள்ளது) மூன்று. ரீசெட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்து 74ஹெச்சி14 (மெதுவாக ஏறும் வோல்டேஜுக்கும் சட்டென மாறும் ஷ்மிட் இன்வெர்ட்டர்) வழியாக எடுங்கள். மெதுவாக ஏறும் வோல்டேஜை சாதா கேட்டில் நேராகக் கொடுத்தால் துடிக்கும். ஒவ்வொரு ஐசி பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம். சும்மா கிடக்கும் இன்புட்டைக் கிரவுண்டில் கட்டுங்கள்.

ஸ்கோப் புரோபின் சுவிட்ச் 10எக்ஸில் இருக்கட்டும். 1எக்ஸில் வைத்தால் அதன் கெபாசிட்டன்ஸே அந்தக் கட்டத்தை மெதுவாக்கும். ரீசெட் கேட் கட்டத்துக்கு 7 நானோ செகண்ட் கூட்டுவதால் பீரியட் 5 × 27 = 135 பக்கம் வரும், 7.4 மெகாஹெர்ட்ஸ் காட்டினால் சரிதான்.