திரையில் தெரியும் மூச்சு

கேள்வி: 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் பேயோட்டும் காட்சியில் குருக்களின் வாயிலிருந்து ஆவி பறக்கிறதே, பிறகு சேர்த்ததா?

பதில்: இல்லை, அத்தனையும் நிஜ மூச்சு. பேய் பிடித்த சிறுமியின் படுக்கையறை செட்டையே குளிர்பதன அறையாக்கி, வெப்பநிலையை உறைநிலைக்கும் கீழே இறக்கினார் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின். வாயிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிரில் பட்டதும் நுண்துளிகளாகிவிடும். ஆனால் குளிர் மட்டும் இருந்தால் கேமராவில் அது பதியாது. பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், ஒளி நடிகருக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ விழ வேண்டும். முகத்துக்கு நேரே விளக்கை வைத்தால் ஆவி கரைந்துபோகும். பெரிய தலைவலி என்னவென்றால், அதே விளக்குகள் அறையைச் சூடாக்கிவிடும். சிறிது நேரம் படமெடுத்ததும் நிறுத்தி, மறுபடி குளிரவைத்தாக வேண்டும். சிறுமியாக நடித்து, மெல்லிய இரவு உடையில் படுத்திருந்த லிண்டா பிளேருக்கு அது பெரும் வதை. இன்று ஆவியைக் கணினியில் வரைகிறார்கள். குளிரில் தோள் குறுகுவதும் உதடு விறைப்பதும் அதில் வருவதில்லை. அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்று நம்மை நம்பவைப்பது இந்த உடல்மொழிதான்.

கேள்வி: சிறுமியின் வயிற்றில் எழுத்துகள் தாமாகவே புடைத்து எழுவது எப்படி?

பதில்: மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் வேலை அது. நுரை ரப்பரில் போலி வயிறு செய்து, அதன்மேல் ரசாயனக் கரைப்பானைத் தூரிகையால் தொட்டு எழுதினார். கரைப்பான் பட்ட இடம் வீங்கியது. பிறகு சூடான காற்றை ஊதியதும் கரைப்பான் ஆவியாகி வீக்கம் வடிந்தது. வடிவதைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினார்கள். நேராக எடுத்திருந்தால் எழுதும் கையும் தூரிகையும் காட்சிக்குள் வந்திருக்கும். அப்போது நாற்பது வயதுகளில் இருந்த நடிகர் மாக்ஸ் வான் சிடோவை முதிய குருவாக்கியதும் இவரே. என் கணிப்பில் படத்தின் மிகச் சிறந்த மேக்கப் அதுதான். அது மேக்கப் என்றே பலருக்குத் தோன்றாது.

கேள்வி: உண்மையிலேயே கத்தோலிக்கச் சபையில் எந்தக் குருவும் பேயோட்டலாமா?

பதில்: முடியாது. ஆயரின் (பிஷப்பின்) வெளிப்படையான அனுமதி வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. 1614-இல் வெளியான ரோமானியச் சடங்கு நூலும், நோயைப் பேய் என்று எளிதில் நம்பிவிடக் கூடாது என்று குருவை எச்சரிக்கிறது. படமும் இந்த வரிசையை மதிக்கிறது: முதலில் டாக்டர்கள், அடுத்து மனநல மருத்துவர்கள், பிறகுதான் குரு, ஆயரின் அனுமதி. ஆகவே மருத்துவமனைக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றும் அந்தப் பரிசோதனை, பேய் வரும் பல காட்சிகளைவிடக் கடுமையானது.